நடுச்சுவரில் வந்த ஜன்னல்

கொடித்துறை என்கிற எங்கள் ஊருக்குக் கடல்வழியாக முதலில் போர்த்துக்கீசியர் வந்தார்கள், பிறகு டச்சுக்காரர் வந்து அவர்களைத் துரத்தினார்கள், பிறகு டேனிஷ்காரர் வந்து யாரையும் துரத்தாமல் பக்கத்திலேயே ஒரு கோட்டை கட்டிக்கொண்டார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர் வந்து ஒரே ஒரு மழைக்காலம் இருந்துவிட்டு ஈரம் ஒத்துக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்கள், கடைசியாக ஆங்கிலேயர் வந்து மிச்சம் மீதி எல்லாவற்றையும் அளந்து எழுதி வைத்தார்கள். ஐந்து பேர் ஆசைப்பட்ட ஊர் என்று எங்களுக்கு உள்ளூரப் பெருமைதான். ஐந்து பேரும் விட்டுவிட்டுப் போன ஊர் என்பதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. போனவர்கள் மிளகையும் துணியையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்களே தவிர, வாயிலிருந்த சொற்களைப் பொறுக்கிக்கொண்டு போக மறந்துவிட்டார்கள். அவை சந்தையிலும் சமையலறையிலும் எங்களோடு கலந்து, சாவி என்றும் மேசை என்றும் அலமாரி என்றும் கக்கூஸ் என்றும் எங்கள் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்ந்ததால், நாங்களும் அவற்றை எங்கள் வயிற்றில் பிறந்தவை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட ஊரில், கீழத்தெருவில், குஞ்சிதபாதம் வீட்டு நடுச்சுவரில், ஒரு ஆடி வெள்ளிக்கிழமை காலையில், யாரும் வைக்காமல் ஒரு ஜன்னல் வந்து நின்றது.

அந்தச் சுவரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். குஞ்சிதபாதமும் அம்பலவாணனும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. வலைக்கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடையைச் சேர்ந்து நடத்தி, ஒரே குடும்பத்து அக்கா தங்கையான தையல்நாயகியையும் ஞானாம்பிகையையும் ஒரே பந்தலில் ஒரே முகூர்த்தத்தில் கட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டு வாழ்ந்தவர்கள். அவர்கள் அப்பாவின் நினைவு நாளுக்கு ஊரெல்லாம் ஒட்டிய சுவரொட்டியில் அண்ணன் பெயர் மேலே இருந்தது. ஆனால் தம்பியின் படம் பெரிதாக இருந்தது. அச்சகத்துக்காரன் செய்த தவறு என்று தம்பி சொன்னார், அச்சகத்துக்காரனுக்கு உன் முகத்தின் மேல் என்ன அவ்வளவு ஆசை என்று அண்ணன் கேட்டார். செத்துப்போன அப்பா படத்திலிருந்து இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அந்த வாரமே கொத்தனார் வந்து, வீட்டை வாசலிலிருந்து கொல்லை வரை சரிபாதியாகப் பிளந்து சுவர் எழுப்பினார். சுவர் சமையலறையின் நடுவில் போனதில் அம்மி இந்தப் பக்கமும் குழவி அந்தப் பக்கமும் மாட்டிக்கொண்டன. இரண்டு பக்கமும் மிக்ஸி வாங்கிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் பகை என்றால் வெட்டுக்குத்து கிடையாது, அதற்கெல்லாம் எங்களுக்கு உடம்பு வணங்காது. பெயரைச் சொல்லமாட்டோம், அவ்வளவுதான். பகையாகிப்போனவர் ‘அந்தப் பக்கம்’ ஆகிவிடுவார். அவர் மாடு அந்தப் பக்கத்து மாடு, அவர் வீட்டுக் கல்யாணம் அந்தப் பக்கத்துச் சத்தம். அண்ணன் தம்பி இருவரும் இன்னும் ஒரு படி மேலே போய், காளியம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்து, இனி உயிருள்ளவரை அந்தப் பக்கத்தில் இருக்கிற எவரோடும் வாய் திறந்து பேசுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். மனைவிமாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பெண்கள் பேசமாட்டோம் என்று சத்தியம் செய்தால் அம்மனே நம்பமாட்டாள் என்று பூசாரி சொல்லிவிட்டதால், அவர்களிடம் அந்த வீட்டுப் படியேறி உள்ளே போகமாட்டேன் என்று மட்டும், பெற்ற பிள்ளையின் பெயரால் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். பேசலாம்தான், ஆனால் எங்கே பேசுவது? தெருவில் நின்று பேசினால் ஊரே கூடிவிடும், கோயிலுக்கு அக்காவுக்குக் காலை என்றும் தங்கைக்கு மாலை என்றும் ஆண்களே நேரம் பிரித்துவிட்டார்கள். ஆகவே தையல்நாயகி பத்து வருஷத்துக்கு மேலாகத் தன் தங்கையை வாசனையில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பெருங்காயம் பொரிந்தால் இன்றைக்கு ரசம், கடுகு வெடிக்கிற சத்தம் வரவில்லையென்றால் ஞானத்துக்கு உடம்பு சரியில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் புளிப்பானையை எடுக்கப் போன தையல்நாயகியின் கை சுவருக்குப் பதில் மரத்தில் பட்டது. இரட்டைக் கதவு வைத்த கரிய மர ஜன்னல், நடுவில் பித்தளைத் தாழ்ப்பாள், பல வருஷமாக அங்கேயே இருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தோரணையோடு நின்றது. அவள் கத்தவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதை இறக்கி வைத்தாள், தாழ்ப்பாளை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள், ஆணி இல்லாத குறைக்குக் கைப்பிடித் துணியை அதில் மாட்டினாள், பிறகுதான் கூடத்துக்குப் போனாள்.

“என்னங்க, அடுப்பங்கரையில ஒரு இது வந்திருக்கு.”

“எது?”

“இதுதான். வந்து பாருங்க.”

குஞ்சிதபாதம் வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டும் எடுத்தும் பார்த்துவிட்டு, “எல்லாம் அந்தப் பக்கத்து வேலை” என்றார். அந்த நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து அம்பலவாணனும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தார், ஏனென்றால் அதே ஜன்னல் அவர் வீட்டுச் சமையலறையிலும் முகம் காட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் தனித்தனியாக ஆளனுப்பி ஒரே கொத்தனாரை வரவழைத்தார்கள். கொத்தனார் இந்தப் பக்கம் தட்டிப் பார்த்தார், தெருவைச் சுற்றிப் போய் அந்தப் பக்கமும் தட்டிப் பார்த்தார். “யாரு வச்சதுன்னு தெரியல, ஆனா குண்டுநூல் புடிச்ச மாதிரி நேரா நிக்குது. பேத்தா செவுரு உக்காந்துடும். இருந்துட்டுப் போவட்டும், வுட்டுடுங்க” என்று இரண்டு வீட்டிலும் ஒரே சொல்லைச் சொல்லி, இரண்டு வீட்டிலும் காபி குடித்துவிட்டுப் போனார். அம்பலவாணன் தன் பக்கத்து ஜன்னலின்மேல் ஒரு பெரிய முருகன் காலண்டரை மாட்டி, அப்படி ஒன்று இல்லை என்று ஆக்கிக்கொண்டார்.

அது ஏன் வந்தது என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, யாரைக் கேட்டு வந்தது என்றுதான் கேட்டார்கள். பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்து நாடா பிடித்து அளந்து, திறந்த ஜன்னலுக்குத்தான் விதி உண்டு, திறக்காத ஜன்னலுக்கு விதி இல்லை என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். வாலிபர்கள் வந்து தாழ்ப்பாளை இழுத்தார்கள், கடப்பாரை கொடுத்தார்கள், ஒருவனுக்குத் தோள்பட்டை பிசகியதுதான் மிச்சம்.

அதைத் திறந்தது கோட்டை பார்க்க வந்த ஒரு டேனிஷ் அம்மாள். தன் பாட்டனுக்குப் பாட்டன் இங்கே மாலுமியாக இருந்தானாம், அதனால் ஊரில் எது பழசாகத் தெரிந்தாலும் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிடும். தையல்நாயகியின் சமையலறைக்குள் வந்து, தாழ்ப்பாளின்மேல் கையை வைத்து, தொலைந்துபோன பூனையைக் கூப்பிடுகிற குரலில், “வெண்டு” என்று தன் மொழியில் அதைக் கூப்பிட்டார். தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவுகள் திறக்க, குளிர்ந்த உப்புக்காற்று ஒன்று உள்ளே அடித்தது, காற்றுக்கு நடுவில் ஒரு பெரிய சாம்பல்நிறக் கண் விழித்து, சமையலறையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்து, கழுவாமல் கிடந்த பாத்திரங்களின்மேல் கொஞ்சம் அதிக நேரம் நின்று, மூடிக்கொண்டது. “எங்கள் முன்னோர் மொழியில் இதற்குக் காற்றின் கண் என்று பொருள், ஆங்கிலேயரும் எங்களிடமிருந்துதான் வாங்கிக்கொண்டார்கள்” என்று அந்த அம்மாள் சொன்னதை வழிகாட்டி தமிழில் சொன்னான். நாங்கள் அத்தனை பேரும் அதுவரை ஜன்னலைப் பற்றித்தான் பேசியிருந்தோமே தவிர, அதன்மேல் கைவைத்து அதைக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தையல்நாயகி பாத்திரங்களைக் கழுவப் போட்டாள்.

அதற்குள் இதற்கு ஒரு குழு தேவை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் மழை பெய்தாலும் குழு, பெய்யாவிட்டாலும் குழு. தலைவராகப் புலவர் ஏகாம்பரநாதன் தாமே முன்வந்தார். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவர். உலகத்திலுள்ள எல்லாச் சொற்களும் காவிரி ஆற்றங்கரையிலிருந்து கப்பலேறிப் போனவை என்பதும், போன இடத்தில் குளிர் தாங்காமல் குரல் மாறிவிட்டன என்பதும் அவருடைய வாழ்நாள் முடிவு. டேனிஷ் அம்மாளின் விளக்கத்தைக் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். “விண்டு என்றால் பிளந்து திறப்பது. நம் சரக்கு. இரவல் வாங்கியவன் வட்டியோடு கொண்டுவந்து தந்திருக்கிறான்” என்றார். கூட்டம் கைதட்டியது. மறுநாளிலிருந்து குழு அந்தச் சமையலறையிலேயே உட்காரத் தொடங்கியது, அரிசி மூட்டைமேல் தலைவர், கவிழ்த்த அண்டாவின்மேல் செயலாளர், மற்றவர்கள் சம்மணம் போட்டுத் தரையில். அவர்களைத் தாண்டிப்போய்த்தான் தையல்நாயகி சோறு வடிக்க வேண்டியிருந்தது.

செய்தி பரவி ஐரோப்பா முழுவதும் எங்கள் கீழத்தெருவுக்கு வந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து தாழ்ப்பாளைத் தொட்டு “ஃபெனெத்ர்” என்று கூப்பிட்டார். தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்றது, உள்ளே யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது, அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. லத்தீனிலிருந்து வந்த சொல், லத்தீனுக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று அவர் தோளைக் குலுக்கினார். பிறகு வந்த ஜெர்மன்காரரும் இத்தாலிக்காரரும் அதே சொல்லைத்தான் தங்கள் தங்கள் மூக்கால் சொன்னார்கள். ஜன்னல் மூன்று தடவையும், வந்த வீட்டில் தன் பெயரைக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாத விருந்தாளி மாதிரி, செருமிவிட்டு நின்றது. “அது பின்னே எட்டிப் பார் என்பதன் திரிபு” என்று புலவர் ஒரே மூச்சில் தீர்த்துவைத்தார், ஆனால் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தபோதும் ஜன்னல் செருமவே செய்தது. ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் “வெந்தானா” என்றார். அந்தச் சொல்லுக்குள் காற்றைத் தவிர வேறொன்றும் கிடையாதாம். திறந்த வேகத்தில் வெறும் காற்று அடித்து அடுப்பை அணைத்து, கோலப்பொடி டப்பாவைக் கவிழ்த்து, குழுவின் வேட்டிகளைப் பெரும் சோதனைக்கு உள்ளாக்கியது. ரஷ்யாவிலிருந்து சுற்றுலா வந்த தம்பதி “அக்னோ” என்றார்கள். அவர்கள் மொழியில் அது கண்ணிலிருந்து பிறந்த சொல் என்பதால், காற்றே இல்லாமல் ஒரு கண் மட்டும் திறந்து, வெகுநேரம் இமைக்காமல் புலவரையே பார்த்தது. புலவர் அன்று மதியம் சாப்பிடாமல் எழுந்து போனார். எங்கள் கான்வென்ட் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து “விண்டோ” என்றதற்கு டேனிஷ் கண்ணே அரைத்தூக்கத்தில் திறந்து மூடியது.

போர்த்துகல்லிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. முதலில் வந்தவர்கள் அவர்கள்தான் என்பதால் அழைக்க வேண்டும் என்று செயலாளர் சொன்னார். முதலில் வந்தவர்களை முதலில் மறப்பதுதான் முறை என்று தலைவர் சொன்னார்.

எது எப்படித் திறந்தாலும், ஒரு தடவைகூட அதற்கு அப்பால் இருக்க வேண்டிய சமையலறை தெரியவில்லை. தையல்நாயகி ஒவ்வொரு தடவையும் கரண்டியும் கையுமாக எட்டி எட்டிப் பார்த்தாள். கடல் தெரிந்தது, பனி தெரிந்தது, கண் தெரிந்தது, தங்கை தெரியவில்லை. ஒருநாள் புலவருக்குக் காபி கொடுக்கும்போது கேட்டுவிட்டாள்.

“ஐயா, எந்தப் பேரச் சொன்னா அந்தப் பக்கம் தெரியும்?”

“அந்தப் பக்கம் என்றால்?”

“எந்தங்கச்சி இருக்கிற பக்கம்.”

புலவர் காபியைக் கீழே வைத்தார். “அம்மா, சொல்லாராய்ச்சியில் சொந்த விஷயத்தைக் கலக்கக் கூடாது. சர்க்கரை கொஞ்சம் கம்மி” என்றார்.

அந்த வாரம் பூக்காரி பட்டம்மா, வாசலில் முழம் போட்டுக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல் தெருவைப் பார்த்துச் சொன்னாள். “அந்தப் பக்கம் நாளையிலேருந்து பூ வேணாம்னுட்டாங்க. திருப்பூருக்குப் போறாங்களாம், மகங்கிட்டயே. வூட்ட லாட்ஜ் கட்டுறவனுக்குக் குடுத்தாச்சாம். ஞாயித்துக்கெழம லாரி வருது.”

தையல்நாயகி பூவைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். எங்கள் ஊரில் பேசாத சொந்தக்காரர்கள் எவ்வளவு பகையென்றாலும் ஒருவர் செத்தால் மற்றவர் போய் நிற்பது வழக்கம், அதற்குச் சத்தியம் தடையில்லை என்று அம்மனுக்கும் தெரியும். இனி நானும் ஞானமும் பார்க்க வேண்டுமென்றால் ஒருத்தி சாக வேண்டும், அப்போதும் ஒருத்திதான் பார்ப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. அன்று அவள் வீட்டுச் சாம்பாரில் உப்பே இல்லை. குழு அதைக் கவனித்துக் குறிப்பில் ஏற்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் குழுவும் விழாவுக்குக் குறித்திருந்தது. அமைச்சர் வந்து ஜன்னலைத் தூய தமிழில் கூப்பிட்டுத் திறப்பதாக ஏற்பாடு. முன்கூட்டியே ஒத்திகை பார்த்தார்கள். “காலதர்” என்று புலவர் அழைத்தார். காற்று வரும் வழி என்று பொருள் என்றார். அதேபோல் ஜன்னல் திறந்து, நல்ல இதமான கடற்காற்று, எங்கள் ஊர்க் காற்றேதான், கருவாட்டு வாசனையோடு வந்தது. கருவாடு அமைச்சருக்குச் சரிப்படாது என்று ஒருவர் சொல்லவே, அடுத்து “பலகணி” என்றார். இரண்டு கதவுகளிலும் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான கண்கள் விழித்துக்கொண்டன. ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொருவரைப் பார்த்தது. செயலாளர் முதுகு சொறிய எடுத்த கையைப் பாதியில் நிறுத்தினார். ஆனால் புலவருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது. “ஐரோப்பாக்காரன் எல்லாம் சேர்ந்து ஒரு கண் வைத்தான். தமிழன் எத்தனை வைத்தான், எண்ணிப் பாருங்கள்!” என்று முழங்கினார். யாரும் எண்ணவில்லை, எண்ணினால் அவையும் எங்களை எண்ணும்போல் இருந்தது.

அன்று மாலையே ஒரு தீர்மானம் நிறைவேறியது. இந்தச் சமையலறையில் ஜன்னல் என்ற அந்நியச் சொல்லை எவரும் உச்சரிக்கக் கூடாது, அது போர்த்துக்கீசியன் போட்டுவிட்டுப் போன குப்பை, அதைக் கேட்டால் நம் பலகணி என்ன நினைக்கும்? குஞ்சிதபாதமே ஒரு பலகையில் பெயிண்டால் எழுதி உப்பு ஜாடிக்குமேல் மாட்டினார். பழக்கதோஷத்தில் வாய் தவறுகிறவர்கள் தோப்புக்கரணம் போட வேண்டும். அந்த வாரம் எங்கள் ஊரில் பலருக்கு முழங்கால் வலி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இந்தப் பக்கத்து வாசலில் ஷாமியானாவும் அந்தப் பக்கத்து வாசலில் லாரியும் வந்து நின்றன. சுவருக்கு அப்பால் பித்தளைப் பாத்திரங்கள் சாக்கில் விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இது அம்மா கொடுத்த குடம், இது சீர்வரிசை அடுக்கு, இது அந்தக் குத்துவிளக்கு என்று தையல்நாயகி சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்லிக்கொண்டு நின்றாள். பிறகு சத்தம் நின்றுபோனது. ஷாமியானாவின் ஒரு கால் சாய்ந்ததால் குழு முழுவதும் எழுந்து வெளியே ஓடியிருந்தது, மாதக்கணக்கில் முதல் தடவையாகச் சமையலறையில் அவளைத் தவிர யாருமில்லை.

அவள் கரண்டியை இடுப்பில் செருகி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் தொட்டாள். புலவர் சொன்ன பெயர்கள் அவளுக்கு மனப்பாடம், எல்லாம் அவள் காதில் விழாமல் எங்கே போகும்? ஆனால் அவளுக்குக் காற்று வேண்டியிருக்கவில்லை, பார்க்கிற கண்களும் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

“இந்தா பாரு,” என்றாள். “எனக்கு அவுங்க பேசுற பாஷையெல்லாம் தெரியாது. பொறந்ததுலேருந்து ஜன்னல்னுதான் சொல்லிருக்கேன். சின்ன வயசுல நானும் ஞானமும் ஜன்னல்ல ஒக்காந்துதான் சோறு தின்போம். அவ போறா. லாரி வந்துடுச்சு. ஜன்னலே, கொஞ்சம் தொறயேன்.”

கதவுகள் விரியவில்லை. அதற்குப் பதிலாக ஜன்னல் முழுவதும், முதுகு வலிக்காரர் மெல்லத் தரையில் உட்காருகிற மாதிரி, சட்டத்தோடு சுவரில் வழுக்கிக் கீழே இறங்கி, அடிக்கட்டை தரையைத் தொட்டதும், ஒரு சின்னக் கதவாக நின்றது. அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் ஊரில் அதற்குப் பொருளே அதுதானாம். லத்தீனில் வீட்டு வாசற்கதவுக்கு யானுவா என்று பெயர். அதைச் செல்லமாகச் சுருக்கி, குட்டிக் கதவு என்று அவர்கள் ஜனெலா என்றார்கள். அதைத்தான் நாங்கள் நானூறு வருஷமாக ஜன்னல் என்று சொல்லிக்கொண்டு, கம்பி வைத்து அடைத்து, எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இதெல்லாம் பிறகு குழுவே ஆராய்ந்து, முதலிலிருந்தே தனக்குத் தெரியும் என்ற அறிக்கையோடு வெளியிட்டது. தையல்நாயகிக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இடுப்பு உயரத்துக்கு ஒரு கதவு, தள்ளினாள், முருகன் காலண்டர் பின்பக்கமாகக் கழன்று விழுந்தது.

காலியான சமையலறையில், கடைசிச் சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஞானாம்பிகை தரையில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“குனிஞ்சு வாக்கா, தலையில இடிச்சுக்கப் போற” என்றாள்.

தையல்நாயகி குனிந்து, ஏறக்குறைய தவழ்ந்து, உள்ளே வந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். வாசனையாக மட்டும் இருந்தவளுக்கு இப்போது நரைத்த தலையும், கன்னத்தில் ஒரு புது மருவும் இருந்தன. அழுகை வந்தது, அழுதார்கள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

“எப்படிக்கா நரைச்சுப் போயிட்ட!”

“நீ இன்னும் வெந்தயத்தக் கருக்குறடி ஞானம். தெனம் செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, அடுப்பக் கொறடி, அடுப்பக் கொறடின்னு வாய்க்குள்ளயே கத்துவேன்.”

“எனக்கென்ன தெரியும், சத்தமாக் கத்துறதுதானே? பத்து வருஷமாக் கசந்த கொழம்பத் தின்னுருக்கேன்.”

லாரி ஹாரன் அடித்தது. அதே நேரம் சின்னக் கதவு வழியாக, “தையு, குழுவுக்குக் காபி எங்க? அமைச்சர் வர்ற நேரமாச்சு!” என்று குஞ்சிதபாதத்தின் குரல் வந்தது.

“வர்றியா?” என்றாள் ஞானம்.

தையல்நாயகி எழுந்து அந்தக் கதவிடம் போய், தங்கை இருந்த இந்தப் பக்கத்திலிருந்தே அதைச் சாத்தினாள்.

அந்த வீட்டுப் படியேறி உள்ளே போகமாட்டேன் என்றுதான் அவள் சத்தியம் செய்திருந்தாள், படியிறங்கி வெளியே வருவதைப் பற்றி அம்மன் சந்நிதியில் பேச்சே எழவில்லை. ஆகவே ஊர் முழுவதும் அமைச்சருக்காகக் கூடி நின்ற தெருவில், தங்கையின் வீட்டு வாசல் வழியாக, கட்டிய சேலையோடும் கையில் கரண்டியோடும் அவள் இறங்கி வந்து, லாரியின் முன்பக்கம் தங்கைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஓரமாக ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அம்பலவாணன் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார். அண்ணி, இறங்குங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் துடித்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அண்ணி அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தோடு பேசமாட்டேன் என்று கற்பூரம் அணைத்தாயிற்று. சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த குஞ்சிதபாதம் தன் படியில் நின்று கையை உயர்த்தினார். மனைவியின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் உட்கார்ந்திருப்பது தம்பியின் லாரி, தம்பியின் பெண்டாட்டிக்குப் பக்கத்தில், இப்போது அவளும் அந்தப் பக்கம்தானே? அந்தப் பக்கத்தில் இருக்கிற எவரோடும் என்றல்லவா சத்தியம்? மூன்று பக்கமும் யோசித்துப் பார்த்தார், வாய் திறக்க ஒரு பக்கமும் வழியில்லை. அதற்குள் பின்னால் வந்து மாட்டிக்கொண்ட அமைச்சரின் கார் விடாமல் ஹாரன் அடிக்க, லாரி கிளம்பிவிட்டது.

விழா குறைவில்லாமல் நடந்தது. சமையலறையில் திரையை விலக்கியபோது அங்கே சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர்தான் இருந்தது, தேடிப் பார்த்தும் ஒரு கீறல் கிடைக்கவில்லை. அமைச்சர் ஒரு கணம் தயங்கிவிட்டு, இவ்வளவு பழமையான சுவரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பேசினார். நாங்கள் கைதட்டினோம். சுவர் என்ற சொல் எந்தெந்த நாட்டுக்கெல்லாம் கப்பலேறிப் போனது என்று புலவர் அடுத்த அரை மணி நேரம் விளக்கினார்.

திருப்பூர் போய்த் திரும்பிய லாரி டிரைவர் சொன்ன மிச்சக் கதை இது. ஊர் எல்லையிலிருந்து கரூர் வரை அந்த அம்மாள்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்களாம், ஒருத்தி சொன்னதை மற்றவள் கேட்டதாகவே தெரியவில்லையாம். நடுவில் ஒரு டீக்கடையில் நிறுத்தினபோது, ஓரமாக இருந்த ஐயாவுக்கு டீ வேண்டுமா வேண்டாமா என்று அக்காக்காரி கேட்டதற்குக்கூட அவர் வாயைத் திறக்கவில்லையாம். அந்த டீக்கடை வாசலில்தான் தங்கைக்காரிக்குத் திடீரென்று நினைவு வந்து, “ஐயோ அக்கா, அத்தான் ராத்திரிக்குச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாரு?” என்று கேட்டாளாம்.

அக்காக்காரி டீயை நிதானமாக ஊதிக் குடித்துவிட்டு, “அதான் குழு இருக்குல்ல” என்றாளாம்.